தீராத அடிவயிற்று வலியும் எண்டோமெட்ரியோசிஸும்: டர்பனிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எனக்கு இந்த வலி தொடங்கியது 16 வயதில், கும்பகோணத்தில். அதற்கு ஒரு பெயர் கிடைத்தது 30 வயதில், இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில். நடுவில் போன 14 வருஷத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்றுதான்: "எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதாம்மா." அம்மா சொன்னார், கல்லூரி விடுதி வார்டன் சொன்னார், கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்கு வந்த பிறகு மாமியும் சொன்னார். யாரும் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அவர்கள் வலியில் சுருண்டு கிடந்தபோது அவர்களிடமும் யாரோ அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சனிக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் யாராவது ஒரு அம்மா ஓரமாக நின்று, மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, மெதுவாக ஆரம்பிப்பார்: "அக்கா, உங்களுக்கு அந்த ஆபரேஷன் பண்ணினாங்களே, அது எதுக்கு?" அந்தக் கேள்விக்கு நான் வாயால் சொல்லிச் சொல்லி வந்த பதிலைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் க்ளினிக் வரிசையிலும் நின்றிருக்கிறேன், தனியார் டாக்டருக்குப் பணமும் கட்டியிருக்கிறேன், எங்கே நேரம் வீணாகிறது என்பது எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு விஷயம்தான் நினைவிருக்கும் என்றால் இது இருக்கட்டும்: வலி எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அந்த வலி உங்களை எந்த வேலையைச் செய்யவிடாமல் நிறுத்தியது என்று சொல்லுங்கள். "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்று நான் பத்து வருஷம் சொன்னேன், யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "போன மாசம் மூணு நாள் வேலைக்குப் போகல, ஒரு நாள் பாத்ரூம் தரையில படுத்துக் கிடந்தேன், என் மகளை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரக்கூட முடியல" என்று சொன்ன அன்றுதான் ஒரு டாக்டர் பேனாவை எடுத்தார்.

இது என்ன நோய்

கருப்பையின் உள்சுவரில் மாதாமாதம் வளர்ந்து உதிரும் சவ்வு இருக்கிறது அல்லவா, அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையில், குடல் மேல், மூத்திரப்பை மேல், வயிற்றின் உள் உறையில் என்று ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அதுவும் ஹார்மோனுக்கு ஏற்ப வீங்கும், கசியும். வெளியே போக வழி இல்லாததால் சுற்றிலும் புண்ணும் தழும்பும் உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் கட்டியைத்தான் 'சாக்லேட் சிஸ்ட்' என்கிறார்கள், உள்ளே இருப்பது அந்த நிறம் என்பதால்.

இது அபூர்வ நோய் இல்லை. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுக்க ஏறத்தாழ 19 கோடி பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு பேருக்கு இருந்தும் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆவதற்குக் காரணம், வலி முதலில் மாதவிலக்கோடு வந்து மாதவிலக்கோடு போவதுதான். அதனால் நாமே அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கொஞ்ச வருஷம் கழித்து அது விலக்கு இல்லாத நாட்களிலும் வர ஆரம்பிக்கும். ஆறு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டோ தொடர்ந்தோ அடிவயிறு வலித்தால் அது நாள்பட்ட வலி, அதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டும்.

எல்லா அடிவயிற்று வலியும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருப்பையின் தசைக்குள்ளேயே அந்தத் திசு வளரும் அடினோமயோசிஸ், நார்க்கட்டி, கருக்குழாய்த் தொற்று, குடல் எரிச்சல் நோய், மூத்திரப்பை வலி, அடிவயிற்று உறுப்புகளைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் இறுகிப்போவது, இந்த நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் கருக்குழாயில் வரும் காசநோய் என்று பல இருக்கின்றன. இரண்டு மூன்று ஒன்றாகவும் இருக்கலாம். எனக்கே எண்டோமெட்ரியோசிஸோடு தசை இறுக்கமும் இருந்தது.

காத்திருக்கக் கூடாத வலி

திடீரென்று ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலி, வலியோடு காய்ச்சல், மயக்கம், விடாத வாந்தி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையும் அளவு ரத்தப்போக்கு, அல்லது நாள் தள்ளிப்போயிருக்கும்போது வலி. இதில் எது வந்தாலும் கீழே நான் சொல்லும் நோட்டை எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாகவோ முறுக்கிக்கொண்ட சினைப்பையாகவோ இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112.

முதல் படி: மூன்று மாத நோட்டு

சாதாரண பள்ளிக்கூட நோட்டு போதும். செல்போனில் எழுதினாலும் சரி, ஆனால் டாக்டர் மேஜையில் தாளை வைப்பது சுலபம், அதனால் நான் நோட்டைத்தான் சொல்வேன்.

வலி வந்த ஒவ்வொரு நாளும் ஒரு வரி. தேதி, விலக்கின் எத்தனையாவது நாள் (விலக்கு இல்லாத நாள் என்றால் அதையும்), எங்கே வலித்தது, பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை எத்தனை போட்டீர்கள், கேட்டதா இல்லையா, அன்றைக்கு எது நின்றுபோனது. அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். "சமைக்கவில்லை." "டாக்ஸியில் போகும்போது ரோட்டு மேடு ஒவ்வொன்றிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்." "மாமியார் வீட்டுப் பூஜைக்குப் போகவில்லை, காரணம் பொய் சொன்னேன்." இப்படியே எழுதுங்கள்.

பலர் விட்டுவிடும் நான்கு விஷயங்கள் உண்டு. விலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, மூத்திரம் போகும்போது வலிக்கிறதா, தாம்பத்தியத்தின்போது அல்லது அதற்கு அடுத்த நாள் உள்ளே ஆழமாக வலிக்கிறதா, விலக்கு சமயத்தில் மட்டும் வலது தோள்பட்டை வலிக்கிறதா. கடைசியைப் படித்து ஆச்சரியப்படாதீர்கள், இந்தத் திசு, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையான உதரவிதானம் வரை போனால் தோளில் வலிக்கும். இவற்றை நாமாகச் சொன்னால்தான் உண்டு, எல்லா டாக்டரும் கேட்பதில்லை. மூன்றாவதை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிக் காட்டுங்கள். நான் எழுதித்தான் காட்டினேன்.

நோட்டின் பின்பக்கத்தில் குடும்பக் கதையை எழுதுங்கள். அம்மா, அக்கா தங்கைக்கு இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு அதிகம். இதை விசாரிக்கிறபோது மெதுவாகக் கேளுங்கள், ஏனென்றால் அவர்கள் காலத்தில் இதற்குப் பெயரே கிடையாது. "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க", "ரொம்ப வருஷம் பிள்ளை இல்ல", "தூரமான நாள்ல பாயை விட்டு எழுந்திருக்க மாட்டா" என்ற பேச்சுகளில்தான் அது ஒளிந்திருக்கும். என் சித்தி ஒருவர் இப்படித்தான் இருந்தார் என்று எனக்கு ஆபரேஷன் முடிந்த பிறகுதான் அம்மா போனில் சொன்னார்.

வலியைத் தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் சொல்லுங்கள்

இங்கே டாக்டரிடம் பேசுவது ஆங்கிலத்தில். வலி வருவதோ நமக்குத் தமிழில். குத்துவது வேறு, முறுக்குவது வேறு, இழுப்பது வேறு, கடுகடுப்பது வேறு, சுளீர் என்று வெட்டிவிட்டுப் போவது வேறு, அடியில் எல்லாம் கழன்று விழுகிற மாதிரி கனப்பது வேறு. எல்லாவற்றையும் 'பெயின்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டால் டாக்டருக்கு எதுவும் தெரியாது. அதனால் முதலில் தமிழிலேயே எழுதுங்கள், அப்புறம் ஆங்கிலம் தெரிந்தவரோடு உட்கார்ந்து பக்கத்தில் சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். குத்தினால் 'ஸ்டாபிங்', முறுக்கினால் 'க்ராம்பிங்', கீழே இழுத்தால் 'டிராகிங்', எரிந்தால் 'பர்னிங்', மின்சாரம் மாதிரி தொடையில் இறங்கினால் 'ஷூட்டிங்'. இறங்கி ஓடும் வலியும் எரிச்சலும் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், முறுக்கு தசை சம்பந்தப்பட்டது, அதனால் இந்த வித்தியாசம் மருந்தையே மாற்றும்.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தலைகீழ். அவர்கள் டாக்டரிடம் நன்றாகச் சொல்லிவிடுவார்கள், வீட்டில் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், சொல்லத்தான் வார்த்தை கிடையாது. அவர்களுக்கு இந்தத் தமிழ்ச் சொற்களைக் கொடுங்கள். "ஆயா, முறுக்கி இழுக்குது" என்றால் எந்த ஆயாவுக்கும் புரியும்.

இரண்டாவது படி: க்ளினிக்கா, தனியாரா

மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டும் தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாதவர்கள் பக்கத்து அரசு க்ளினிக்கில் தொடங்க வேண்டும், அங்கே பணம் கிடையாது. அங்கிருந்து கடிதம் வாங்கி மருத்துவமனைப் பெண்கள் பிரிவுக்குப் போக வேண்டும். சாட்ஸ்வர்த்தில் இருப்பவர்களுக்கு ஆர்.கே. கான் மருத்துவமனை, ஃபீனிக்ஸில் இருப்பவர்களுக்கு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை. சிக்கலான கேஸ்கள் மேலே போகும் இடம் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனை, அங்கே நேராகப் போய் நிற்க முடியாது, இன்னொரு மருத்துவமனை அனுப்பினால்தான் பார்ப்பார்கள். மருத்துவமனையில் கட்டணம் உங்கள் வருமானத்தைப் பொறுத்தது, அதனால் அடையாள அட்டையோடு சம்பளச் சீட்டு, முகவரிச் சான்று, க்ளினிக் அட்டை எல்லாம் கொண்டுபோங்கள். விடியற்காலையில் போய்விடுங்கள். உட்கார ஒரு சின்ன தலையணையும் ஃப்ளாஸ்கில் வெந்நீரும் வேண்டும், அந்த பெஞ்சுகளில் ஐந்து மணி நேரம் உட்காருவது வலி இருப்பவர்களுக்குச் சாதாரணம் இல்லை.

க்ளினிக்கில் ஒன்று நடக்க வாய்ப்பு அதிகம், அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அடிவயிற்று வலி என்று சொன்னதும் பால்வினைத் தொற்றாக இருக்கலாம் என்று ஒரு ஊசியும் அசித்ரோமைசின், மெட்ரோனிடசோல் மாத்திரைகளும் கொடுப்பார்கள். இது அவமானம் இல்லை. டெஸ்ட் முடிவுக்குக் காத்திராமல் அறிகுறியை வைத்து மருந்து கொடுப்பதுதான் இந்த நாட்டு க்ளினிக்குகளின் முறை, தொற்றைக் கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் கெட்டுப்போகும் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. முதல் தடவை வாங்கிச் சாப்பிடுங்கள், முழுசாக. ஆனால் வலி அப்படியே இருந்து, இரண்டாவது மூன்றாவது தடவையும் அதே மருந்தையே கொடுத்தால் அங்கே நிறுத்திக் கேளுங்கள்: "இதே மருந்து இந்தத் தேதியில் சாப்பிட்டேன், வலி மாதவிலக்கோடு சேர்ந்து வருகிறது, என்னைப் பெண்கள் பிரிவுக்கு அனுப்ப முடியுமா?" எனக்கு ஒரு க்ளினிக்கில் ஒரே வருஷத்தில் நான்கு தடவை கொடுத்தார்கள். கேட்கலாம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒவ்வொரு தாளையும் வெளியே வந்ததும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைல் தொலைவது நடக்கும், என்னுடையது ஒரு தடவை தொலைந்தது, திரும்ப முதலிலிருந்து.

மெடிக்கல் எய்ட் இருப்பவர்களுக்கு வரிசை குறைவு, கணக்கு அதிகம். புதிதாகச் சேர்பவர் என்றால் மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும், சேர்வதற்கு முந்தைய 12 மாதத்தில் இதே பிரச்சினைக்கு டாக்டரைப் பார்த்திருந்தால் அதற்கு 12 மாதம் வரை விலக்கும் போடலாம், சட்டம் அனுமதிக்கிறது. மறைக்காதீர்கள், பின்னால் தெரிந்தால் உறுப்பினர் உரிமையே போகும். எண்டோமெட்ரியோசிஸ் அவர்களுடைய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இல்லை, அதனால் மாத்திரைக்கு எந்தப் பிரிவில் பணம் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பில்லில் எழுதும் நோய்க் குறியீடும் முக்கியம். வெறும் வலிக்கு ஒரு குறியீடு, எண்டோமெட்ரியோசிஸுக்கு என்80 என்று தொடங்கும் வேறு குறியீடு. கண்டுபிடித்த பிறகும் பழைய குறியீட்டையே போட்டுக்கொண்டிருந்தால் பணம் வராமல் போகலாம்.

மூன்றாவது படி: டாக்டர் முன்னால் அந்தப் பத்து நிமிஷம்

நோட்டு முழுவதையும் அவர் படிக்க மாட்டார். ஒரே ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதுங்கள்: வயது, வலி தொடங்கிய வயது, மாதத்தில் எத்தனை நாள், இதுவரை சாப்பிட்ட மருந்துகள், செய்த ஸ்கேன்கள், குடும்பக் கதை, நின்றுபோன மூன்று வேலைகள். அதைக் கையில் கொடுத்துவிட்டு முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும்." நோயின் பெயரை நாம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. பெயரைச் சொன்னால்தான் அவர் "ஏன் இல்லை" என்றாவது பதில் சொல்லியாக வேண்டும்.

கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கணவர் வந்தால் நல்லது, முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுங்கள், "நான் சொன்னதுக்கு அப்புறம் நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க" என்று. ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர் அவர்தான்.

"நார்மல்" என்று சொல்லி அனுப்பப் பார்த்தால்? குரலை உயர்த்த வேண்டாம். "சரி டாக்டர், இது எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்றால் வேறு என்னவாக இருக்கும், அடுத்து எதைப் பார்ப்போம்?" என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், நீங்கள் கேட்டதை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது டாக்டரின் கருத்தைக் கேட்பது இந்த நாட்டு நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இருக்கும் உரிமை.

"கல்யாணம் ஆனா சரியாயிடும்", "ஒரு பிள்ளை பெத்துட்டா போயிடும்" என்று டாக்டரே சொன்னாலும் நம்பாதீர்கள். கர்ப்பம் இதற்கு மருந்து இல்லை. விலக்கு நிற்பதால் சிலருக்கு அந்த மாதங்களில் வலி குறையும், பிறகு திரும்பலாம். ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் பிள்ளையையும் வலி மாத்திரை மாதிரி எழுதிக்கொடுப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

நான்காவது படி: ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

இங்கேதான் பலருக்கு நம்பிக்கை உடைகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சாக்லேட் சிஸ்ட் இருந்தால் ஸ்கேனில் நன்றாகத் தெரியும். குடலிலோ கருப்பைக்குப் பின்புறமோ ஆழமாக இறங்கிய திசுவை, பழகிய கையுள்ளவர் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்த்துவிடலாம். ஆனால் வயிற்றின் உறை மேல் மெல்லிசாகப் படிந்திருப்பது பெரும்பாலும் எந்த ஸ்கேனிலும் தெரியாது. வலியோ அந்த மெல்லிசான வகையிலும் உயிர்போகிற மாதிரி இருக்கலாம். நோயை ஒன்று முதல் நான்கு வரை நிலைகளாகப் பிரிக்கிறார்கள், அந்த நிலைக்கும் வலியின் அளவுக்கும் நேரான சம்பந்தம் கிடையாது. ஆகவே "ஸ்கேன் க்ளியர்" என்றால் "பெரிய கட்டி இல்லை" என்று மட்டும் அர்த்தம் செய்துகொள்ளுங்கள். பாப் ஸ்மியர் சுத்தமாக இருப்பதும் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது, அது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை. ரத்தத்தில் சி.ஏ. 125 என்ற புரதத்தின் அளவைப் பார்த்தும் இதை உறுதி செய்ய முடியாது.

கல்யாணமாகாத பெண்களுக்கு உள்வழி ஸ்கேன் என்றதும் அம்மாக்கள் பதறிப்போய்க் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு, யாரும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் அதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், வேறு வழி கேளுங்கள்: மூத்திரம் நிறைய வைத்துக்கொண்டு வயிற்றின் மேல் ஸ்கேன், ஆசனவாய் வழி ஸ்கேன், எம்.ஆர்.ஐ. முடிவு பெண்ணுடையது, அம்மாவுடையது இல்லை என்பதையும் அன்போடு சொல்லிக்கொள்கிறேன்.

ஐந்தாவது படி: உறுதியாகும் முன்பே மருந்து

முன்பெல்லாம் வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் பார்த்தால்தான் உறுதி என்பார்கள். ஐரோப்பிய கருவள மருத்துவச் சங்கமான எஷ்ரே 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதை மாற்றிவிட்டார்கள். அறிகுறிகள் பொருந்தினால் மருந்தைத் தொடங்கலாம், ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோது அல்லது மருந்து கேட்காதபோது அல்லது பொருந்தாதபோது லேப்ராஸ்கோப்பிக்குப் போகலாம். இது நமக்கு நல்ல செய்தி, ஆபரேஷன் தேதிக்காக வருஷக்கணக்கில் வலியோடு காத்திருக்க வேண்டியதில்லை.

வலிக்கு இபுப்ரோஃபென், நாப்ராக்சன், மெஃபெனாமிக் ஆசிட் வகைகள். சாப்பிட்ட பிறகு, வலி உச்சத்துக்குப் போகும் முன்பே தொடங்கினால்தான் வேலை செய்யும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. கோடீன் கலந்த மாத்திரைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் இங்கே ஃபார்மஸியில் டாக்டர் சீட்டு இல்லாமலே அவை கிடைக்கின்றன. மலச்சிக்கல் உண்டாக்கும், மலச்சிக்கல் இந்த வலியை இன்னும் கூட்டும், பழக்கமாகவும் ஆகிவிடும். நான் மூன்று வருஷம் கைப்பையில் வைத்திருந்தேன், விடுவதற்கு டாக்டர் உதவி தேவைப்பட்டது.

திசுவை அடக்குவது ஹார்மோன் மருந்துகள்தான். கருத்தடை மாத்திரை, தினம் 2 மில்லிகிராம் டயனோஜெஸ்ட், நோரெதிஸ்டிரோன், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் உள்ள காயில், க்ளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மாத, மூன்று மாத ஊசிகள். "கருத்தடை எதுக்கு, அவ கல்யாணமாகாத பொண்ணு" என்று வீட்டில் கேட்பார்கள். இது வலிக்கான மருந்து என்று பதில் சொல்லுங்கள், அது முழு உண்மை. மூன்று மாத ஊசி ரொம்ப நாள் போட்டால் எலும்பின் அடர்த்தி குறையும், நிறுத்திய பிறகு கர்ப்பம் தரிக்கத் தாமதமாகலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். ஹார்மோன் இல்லாத தாமிரக் காயில் வலியையும் ரத்தப்போக்கையும் கூட்டலாம், ஏற்கெனவே போட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காவடிக்கும் தீமிதிக்கும் நாள் தள்ளிப்போட மாத்திரை வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, பெரும்பாலும் அது நோரெதிஸ்டிரோன்தான். அந்த நாட்களில் உங்கள் வலி வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் அதை நோட்டில் எழுதி டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவே நோயை நிரூபிக்காது, ஆனால் எந்த மருந்தை முதலில் முயலலாம் என்பதற்கு நல்ல துப்பு. எனக்கு அந்தத் துப்பு ஒரு தைப்பூசத்தில்தான் கிடைத்தது.

எந்த ஹார்மோன் மருந்தானாலும் மூன்று மாதமாவது கொடுத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் திட்டுத்திட்டாக ரத்தம் படும், அது பலருக்கும் நடப்பதுதான். மனசு ரொம்பக் கீழே போனால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்காமல் திரும்பப் போங்கள்.

ஆபரேஷன் என்றால்

மூன்று நான்கு சின்னத் துளைகள், வயிற்றுக்குள் வாயு அடைத்து கேமராவில் பார்ப்பார்கள், எடுத்த திசுவைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அந்த வாயுவால் இரண்டு நாள் தோள் வலிக்கும், பயப்பட வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை: பார்ப்பதோடு நிறுத்துவீர்களா, அப்போதே எடுத்துவிடுவீர்களா? மேலே சுடுவீர்களா, வேரோடு வெட்டி எடுப்பீர்களா? குடலில் இருந்தால் கூட யார் இருப்பார்? சினைப்பையை எடுக்க வேண்டி வந்தால் என்னைக் கேட்காமல் எடுப்பீர்களா? மாதத்துக்கு இப்படி எத்தனை ஆபரேஷன் செய்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்குக் கோபப்படும் டாக்டரிடம் நான் போக மாட்டேன்.

தனியாரில் மயக்க மருந்து டாக்டரின் பில் தனி. மெடிக்கல் எய்ட் கொடுக்கும் விகிதத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கேட்பவர்கள் உண்டு, முன்கூட்டியே எழுத்தில் தொகை வாங்குங்கள். உள்ளே எடுத்த படங்களின் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள், பத்து வருஷம் கழித்து இன்னொரு டாக்டருக்கு அது தேவைப்படும்.

கருப்பையை எடுத்துவிட்டால் முடிந்தது என்று சொல்வார்கள். வெளியே இருக்கும் திசு அப்படியே இருந்தால் வலியும் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு திரும்ப வரவும் செய்யும், வருஷக்கணக்கில் வலித்த உடம்பில் நரம்புகளே வலியைப் பழகி, சின்னத் தொடலுக்கும் கத்த ஆரம்பித்துவிடும். என் தசை இறுக்கத்தைக் கண்டுபிடித்தவர் இடுப்புத் தளத்துக்கென்று பயிற்சி பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்ட். மூச்சை அடிவயிறு வரை விட்டுத் தசையைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார், எனக்கு ஆபரேஷன் பாதி உதவியது என்றால் அது மீதிப் பாதி.

வேலையும் வீடும்

வேலைச் சட்டப்படி வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு மூன்று வருஷத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் மட்டும் 26 வேலை நாளுக்கு ஒன்று. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போனால், அல்லது எட்டு வாரத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் எடுத்தால், டாக்டர் சான்று இல்லாமல் சம்பளம் தர வேண்டியதில்லை. நமக்கு மாட்டுவது அந்த எட்டு வாரக் கணக்கில்தான். எட்டு வாரத்தில் இரண்டு விலக்கு வந்துவிடும், நடுவில் ஒரு சளிக்காய்ச்சல் வந்தால் அதுவே மூன்றாவது. அதனால் ஒவ்வொரு தடவையும் சான்று வாங்கிப் பழகுங்கள். நோயின் பெயரை உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் அதில் எழுதக் கூடாது, முதலாளிக்குத் தெரிய வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் வெந்நீர்ப் பைதான் எனக்கு இன்றைக்கும் முதல் துணை. லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் மைக்ரோவேவில் சுட வைக்கும் கோதுமைப் பை எதற்கும் உதவவில்லை, ரப்பர் பையும் கேஸ் அடுப்பும் ஃப்ளாஸ்கும்தான் காப்பாற்றின. நேராகத் தோலில் வைக்காதீர்கள், ஒரு துணி சுற்றுங்கள், என் வயிற்றில் இன்னும் அந்தச் சூட்டுத் தழும்பு இருக்கிறது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பருப்பும் கீரையும் தண்ணீரும் போதும். விரத நாட்களில் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடாதீர்கள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டதுதான், ஆனால் புண் வயிற்றோடு வந்து நிற்கச் சொல்லி எந்த அம்மனும் கேட்கவில்லை.

தாம்பத்தியத்தில் வலிக்கிறது என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு தடவையும் தசை இன்னும் இறுகத்தான் செய்யும். கணவரிடம் பகலில், சாதாரண நேரத்தில் சொல்லுங்கள். பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஹார்மோன் மருந்து சாப்பிடும்போது பெரும்பாலும் கர்ப்பம் தரிக்காது, அதனால் பாதையே மாறும். இந்த நோய் இருக்கும் பலருக்குத் தானாகவே பிள்ளை பிறக்கிறது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

என் சனிக்கிழமை வகுப்பில் ஒரு பெண், பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மாதத்தில் இரண்டு நாள் வரமாட்டாள், அவள் அம்மா காரணம் சொல்ல மாட்டார். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் மூவரும் உட்கார்ந்து அதை ஒரு பக்கமாகச் சுருக்கினோம், நின்றுபோன வேலைகளில் முதலாவதாக அவள் எழுதியது "கணக்குப் பரீட்சை". அவள் அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வரும் செவ்வாய்க்கிழமை விடியற்காலை க்ளினிக் வரிசைக்கு நானும் அவர்களோடு போகிறேன், தலையணை ஒன்றும் ஃப்ளாஸ்க் ஒன்றும் எடுத்துவைத்தாகிவிட்டது.